அலாரம் ஒலித்தும் நனைந்த நிலவறை: ரொறன்ரோ வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூலை 16 அன்று, செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து மதியத்துக்குள் ரொறன்ரோவில் கொட்டிய மழை பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றராகப் பதிவாயிற்று. ஜூலை மாதம் முழுவதும் அங்கே வழக்கமாகப் பெய்வதைவிட அது அதிகம். டொன் வேலி நெடுஞ்சாலையில் கார்கள் தண்ணீருக்குள் நின்றன. யூனியன் ரயில் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. நகரின் மேற்கே உள்ள மான்பி துணை மின்நிலையத்திலும் வெள்ளம் ஏறியதால் ஏறத்தாழ 167,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது.

அன்று நகரின் மேற்குப் பகுதியான எற்றோபிக்கோவில் இருக்கும் என் அக்கா வீட்டு நிலவறையிலும் தண்ணீர் நின்றது. தரைவிரிப்பு, சுவர்ப்பலகைகளின் அடிப்பகுதி, தையல் இயந்திரத்தின் மோட்டார், ஊரிலிருந்து கொண்டுவந்து ஓர் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த கல்யாண அல்பங்கள் எல்லாம் போயின. அந்தக் கோடையில் நகரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு இதைவிட மோசமாக நடந்திருக்கிறது. இந்த வீட்டை எடுத்துக்கொண்டு எழுத ஒரு காரணம் உண்டு. இங்கே நிலத்தடி நீர் வந்து சேர நிலவறைத் தரையில் வெட்டிய சம்ப் குழியில் நல்ல பம்ப் இருந்தது, அது பழுதாகவில்லை. நீர்மட்ட அலாரம் இருந்தது. அதன் பற்றரி உயிரோடுதான் இருந்தது. அலாரம் ஒலித்தது. வீட்டில் இருந்தவர் காதிலும் அது விழுந்தது. ஒவ்வொரு பொருளும் தன் வேலையைச் செய்த பிறகும் வீடு எப்படி நனைந்தது என்பதுதான் கேள்வி.

நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் மட்ட உணரிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் தொழில். அக்காவும் அத்தானும் கேட்டுக்கொண்டதால் குழியைத் திறந்து அளந்து, அன்று நடந்ததை நேர வரிசைப்படி எழுதிப் பார்த்தேன். அவர்கள் சம்மதத்தோடு அதை இங்கே தருகிறேன்.

வீடும் குழியும்

1960களில் கட்டிய ஒற்றைமாடி வீடு அது. இந்த நாட்டு வீடுகளில் அத்திவாரத்தைச் சுற்றித் துளையுள்ள குழாய் ஒன்று புதைந்திருக்கும். வீப்பிங் டைல் என்பார்கள். மண்ணில் ஊறும் நீர் சுவரை அழுத்தாமல் அந்தக் குழாய் வழியாக வடிய வேண்டும். பழைய வீடுகளில் அது நேரே தெருக் கழிவுநீர்க் குழாயில் சேர்ந்தது. பெருமழையில் தெருக்குழாய் நிரம்பினால் அதே வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும் ஆபத்து இருப்பதால் இப்போது பலர் அந்த இணைப்பைத் துண்டித்து, நிலவறைத் தரையில் ஒரு குழி வெட்டி, நீரை அதற்குள் விட்டு, பம்ப் வைத்துப் புல்வெளிக்கு வெளியேற்றுகிறார்கள். 2005 ஆகஸ்ட் 19 மழையில் ஃபிஞ்ச் வீதியின் ஒரு பகுதியே அடித்துச் செல்லப்பட்ட பிறகு ரொறன்ரோ மாநகராட்சி நிலவறை வெள்ளத்தைத் தனித் திட்டமாக எடுத்துக்கொண்டது. சம்ப் பம்ப் பொருத்தும் செலவில் ஒரு பங்கை அது மானியமாகவும் கொடுக்கிறது. 2024இல் அந்தப் பங்கின் உச்சவரம்பு 1,750 டொலர்.

அக்கா வீட்டுக் குழியின் விட்டம் 45 சென்ரிமீற்றர், ஆழம் 65. இதில் வரும் எல்லா மட்டங்களையும் தரையின் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கிச் சொல்கிறேன். கணக்குக்கு அதுதான் வசதி. தண்ணீர் 36 சென்ரிமீற்றர் மட்டத்துக்கு ஏறும்போது பம்ப் ஓடத் தொடங்கும். வீப்பிங் டைலின் வாய் 30இல் இருக்கிறது. தண்ணீர் தூக்கியதும் அலாரத்தை ஒலிக்க வைக்கும் மிதவையை 8இல் கட்டியிருந்தார்கள். ஒலிக்கும் பெட்டி 9 வோல்ட் பற்றரியில் இயங்குவது. அது நிலவறையிலேயே, சூடேற்றும் உலை இருக்கும் சிற்றறையின் சுவரில், கதவுக்குப் பின்னால் தொங்கியது.

அன்றைய நேர வரிசை

நண்பகலையொட்டி மின்சாரம் நின்றது. அத்தானின் கைப்பேசிக்கு வந்த மின்தடைச் செய்தியில் அந்த நேரம் பதிவாகியிருந்தது. அக்காவும் அத்தானும் வேலையில். வீட்டில் அத்தானின் அம்மா மட்டும் இருந்தார். நாங்கள் மாமி என்போம். மழை அடங்கி, வானம் வெளுத்து, முற்றத்துப் புல்லில் வெயில் விழுந்த பிறகுதான் அவருக்கு எங்கிருந்தோ விட்டுவிட்டு ஒரு கீச்சொலி கேட்டது. அவர் மகனை அழைத்தார்.

“மகன், புகை அலாரம் சத்தம் போடுகிறது. ஆனால் எங்கேயும் புகை இல்லை.”

“மின்சாரம் போனால் சில நேரம் அப்படித்தான் அம்மா. விடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.”

அந்த அழைப்பு மின்சாரம் நின்று ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் கழித்து வந்தது. இரண்டு கைப்பேசிகளிலும் அது பதிவாகியிருக்கிறது. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்கில் அது முக்கியமாகிறது.

வீதிகள் பல மூடியிருந்ததால் அத்தான் வீடு சேர மாலையாகிவிட்டது. நிலவறைப் படியின் அடியில் தண்ணீர். செருப்போடு இறங்கப் போனவரைப் பக்கத்து வீட்டுக்காரர் தோளில் பிடித்து நிறுத்தினார். நன்றாகச் செய்தார். மின்பலகை நிலவறையில்தான் இருந்தது. தண்ணீர் சுவர்ச் சொருகிகளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மேலிருந்து தெரியவில்லை. தடைப்பட்ட மின்சாரம் எந்த நொடியிலும் திரும்பலாம். உறைபெட்டி, உலை, நீட்டிப்புக் கம்பிகள் எல்லாம் தரையில் கிடந்தன. அல்பங்களைவிட அவர் பெரியவர் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றுவதில்லை. மின்சாரத்தை வெளியே துண்டித்த பிறகே இறங்கினார்கள்.

மறுபடி மின்சாரம் கொடுத்ததும் பம்ப் உடனே ஓடத் தொடங்கி, சில நிமிடங்களில் குழியைக் காலியாக்கிவிட்டது.

அலாரம் எவ்வளவு நேரம் வாங்கிக் கொடுத்தது

45 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழியில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 1.6 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அலாரம் 8 சென்ரிமீற்றர் மட்டத்தில் இருந்ததால், ஒலி தொடங்கிய கணத்துக்கும் தண்ணீர் தரையைத் தொட்ட கணத்துக்கும் நடுவே குழியில் இருந்த இடம் சுமார் 13 லீற்றர். ஒரு வாளி.

உள்வரத்து எவ்வளவு? இதை எவரும் தம் வீட்டிலேயே அளக்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது பம்பின் சொருகியைக் கழற்றிவிட்டு, டைல் வாய்க்குக் கீழே குழிச் சுவரில் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, தண்ணீர் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்கு ஏற எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே சொருகியைத் திரும்பப் போட வேண்டும். செப்ரெம்பரில் ஒரு நடுத்தர மழையில் அளந்தபோது ஒன்றரை நிமிடம் ஆனது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 11 லீற்றர். ஜூலை 16இல் அது கூடுதலாகத்தான் இருந்திருக்கும். நிமிடத்துக்கு 20 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த அலாரம் வீட்டாருக்குக் கொடுத்த அவகாசம் 40 விநாடி.

மின்சாரம் நின்றதும் குழி நிரம்பத் தொடங்குகிறது. 36இலிருந்து 8 வரை ஏறும் 28 சென்ரிமீற்றரில் குழி கொள்வது 45 லீற்றர்தான். நிமிடத்துக்கு 20 லீற்றர் வந்தால் அது இரண்டேகால் நிமிட வேலை. ஆனால் மாமியின் அழைப்பு வர ஒன்றரை மணிநேரம் ஆனது. நடுவில் அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று?

தரைக்கு அடியில் போயிற்று. நிலவறைத் தரை சுமார் 10 சென்ரிமீற்றர் தடித்த கொங்கிறீற்றுப் பலகை. அதன் கீழே இன்னொரு 10 சென்ரிமீற்றருக்குச் சரளைக்கல் பரப்பியிருக்கிறது. குழியிலும் டைலிலும் நீர் ஏறும்போது அது பக்கவாட்டாகச் சரளையின் இடுக்குகளுக்குள் புகுந்து, வீட்டின் அகலம் முழுவதும் பரவுகிறது. 70 சதுர மீற்றர் தரை, 10 சென்ரிமீற்றர் சரளை, அதில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் என்று கொண்டால் 2,300 லீற்றர். நிமிடத்துக்கு 20 லீற்றர் வீதம் அது நிரம்ப இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். பழைய வீட்டுச் சரளையில் மண் அடைந்து இடம் குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்தால், கைப்பேசிகள் காட்டிய ஒன்றரை மணிநேரத்தோடு கணக்கு நன்றாகவே பொருந்துகிறது.

அந்த வீட்டுக்கு அவகாசம் இருந்திருக்கிறது, ஒன்றரை மணிநேரம். அது முழுவதும் யாருக்கும் தெரியாமல், சத்தமே இல்லாமல், தரைக்கு அடியில் செலவாகிவிட்டது. அலாரத்தின் மிதவை சரளைக்கு மேலே, கொங்கிறீற்றின் தடிப்புக்குள் இருந்தது. தண்ணீர் அங்கே வந்தபோது ஒதுங்க வேறு இடமே இல்லை. மிதவையை 30 சென்ரிமீற்றர் மட்டத்தில், டைலின் வாயை ஒட்டிக் கட்டியிருந்தால் மின்சாரம் நின்ற ஓரிரு நிமிடங்களுக்குள்ளேயே அலாரம் ஒலித்திருக்கும். ஒன்றரை மணிநேரத்தில் பொருட்களை மேலே கொண்டுவரலாம். ஒரு ஜெனரேற்றரை இரவல் வாங்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால், முறை வைத்து வாளியால் அள்ளி ஊற்றியாவது பார்க்கலாம்.

பொருத்தியவர் ஏன் அவ்வளவு மேலே கட்டினார் என்று கேட்டால் அதற்கும் நியாயம் இருக்கிறது. பம்ப் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கு மிக நெருக்கமாக மிதவை இருந்தால், பம்ப் முழு வேகம் பிடிப்பதற்குள் தண்ணீர் சற்று ஏறி, அலாரம் தேவையில்லாமல் கத்தும். இரண்டு முறை இரவில் கத்தினால் வீட்டுக்காரர் பற்றரியைக் கழற்றி வைத்துவிடுவார். அந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் மேலே தூக்கிக் கட்டுகிறார்கள். ஆனால் அதற்குத் தீர்வு உயரத்தில் இல்லை. தண்ணீர் மட்டம் பத்து நொடி தொடர்ந்து மேலே நின்றால் மட்டும் ஒலிக்கும்படி தாமதம் வைக்கக்கூடிய அலாரங்கள் இருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்தில் எந்தத் தொட்டிக்கும் உயர்மட்டம் என்று ஓர் அலாரமும், அதற்கு மேலே மிகையுயர்மட்டம் என்று இன்னொன்றும் இருக்கும். முதலாவது ஆளை எழுப்ப. இரண்டாவது ஆபத்து வந்துவிட்டது என்று சொல்ல. வீடுகளில் பொதுவாக இரண்டாவதை மட்டும் வாங்கி வைக்கிறார்கள்.

கேட்டவருக்குப் புரியாத ஒலி

அவகாசத்தின் பெரும்பகுதி மிதவையின் உயரத்தால் போனது. எஞ்சியது வேறு விதமாகப் போனது. 70 சதுர மீற்றர் தரையில் தண்ணீர் ஒரு சென்ரிமீற்றர் நிற்க 700 லீற்றர் வேண்டும். அதற்கு அரைமணி நேரத்துக்கு மேலாகும். தரைவிரிப்பைக் காப்பாற்ற முடியாமல் போயிருக்கலாம். ஆனால் அட்டைப்பெட்டியைத் தூக்கி ஒரு மேசைமேல் வைக்க அது போதும்.

ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மாமிக்குத் தெரிந்த ஒரே அலாரம் அதுதான். நிலவறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, மேல்தளம் வரை மெலிந்து வந்த கீச்சொலியை அவர் புகை அலாரம் என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. புகை இருக்கிறதா என்று வீடெல்லாம் பார்த்தார், மகனை அழைத்தார். ஒரு பொறுப்பான மனிதர் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். குழியில் ஓர் அலாரம் இருப்பதையே அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அதைப் பொருத்தியவர் அத்தானிடம் விளக்கினார்; அத்தான் பகலில் வீட்டில் இருப்பதில்லை. நம் வீடுகளில் பகல் முழுவதும் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களிடம் எந்தச் சாதனத்தையும் காட்டி விளக்கும் பழக்கம் நமக்கு இல்லை. “அம்மாவுக்கு எதற்கு இதெல்லாம்” என்று விட்டுவிடுகிறோம். இந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்திய பகுதி இதுதான்.

அலாரம் ஒலிக்கும் இடமும் தவறு. குழி எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒலிப்பெட்டியும் இருக்க வேண்டியதில்லை. மிதவைக்கும் பெட்டிக்கும் நடுவே இருப்பது மெல்லிய இரட்டைக் கம்பி. அதைச் சுவர் வழியாகச் சமையலறை வரை நீட்டலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 85 டெசிபல் என்ற அளவு அருகில் நின்று எடுத்தது. மூடிய கதவும் ஒரு தளமும் தாண்டினால் அது எவரையும் தூக்கத்திலிருந்து எழுப்பாது.

கைப்பேசிக்கு வரும் செய்தி

வெள்ளத்துக்குப் பிறகு அத்தான் முதலில் வாங்க நினைத்தது வைஃபை அலாரம். நல்ல சாதனம்தான். ஆனால் அது இந்த நிகழ்வில் உதவியிருக்காது. மின்சாரம் நின்றபோது வீட்டு மோடமும் நின்றது. அலாரத்துக்குள் பற்றரி இருந்தாலும் செய்தி வெளியே போக வழி இல்லை. ரொறன்ரோவில் பெருமழையும் மின்தடையும் சேர்ந்தே வருகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. 2013 ஜூலை 8இல் பியர்சனில் 126 மில்லிமீற்றர் பெய்து, 1954இல் ஹேசல் சூறாவளி அங்கே கொட்டிய ஒருநாள் அளவையும் தாண்டியபோது, ஏறத்தாழ 300,000 வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். அன்றும் வெள்ளத்தில் சிக்கிய துணை மின்நிலையங்களில் மான்பி ஒன்று. பதினொரு ஆண்டு இடைவெளியில் அதே இடம். பம்ப் மிக அதிகமாகத் தேவைப்படும் நாளில்தான் அதற்கு மின்சாரம் இருக்காது என்று எண்ணியே திட்டமிட வேண்டும்.

வைஃபை அலாரம் வேண்டுமானால் மின்சாரம் நின்றாலும் பற்றரியில் சிறிது நேரம் ஓடவைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றில் மோடத்தை இணைக்க வேண்டும். இல்லையெனில் கைப்பேசி வலைப்பின்னலில் நேரே பேசும் அலாரமாக வாங்க வேண்டும். சில சாதனங்கள், தாம் தொடர்பிலிருந்து விலகிவிட்டால், நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து “உங்கள் சாதனத்தோடு தொடர்பு இல்லை” என்று செய்தி அனுப்பும். மழை நாளில் அந்தச் செய்தியும் ஓர் எச்சரிக்கைதான். தரையில் வைக்கும் தட்டையான நீர்க்கசிவு உணரியைக் குழி அலாரம் என்று சொல்லி விற்பதையும் பார்க்கிறேன். அது தண்ணீர் தரைக்கு வந்த பிறகுதான் ஒலிக்கும்.

இப்போது அந்த வீட்டில் இருப்பது

பம்பின் சொருகியில் மின்சாரம் நின்றாலே ஒலிக்கும் ஒரு சிறு பெட்டியை முதலில் வைத்தோம். தண்ணீர் அசையும் முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது. பம்புக்கான பாதுகாப்புத் துண்டிப்பான் மட்டும் விழுந்து, வீட்டில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும் நாளிலும் இது சொல்லிவிடும். ஆனால் பம்பின் மிதவை குழிச் சுவரில் சிக்கிக்கொண்டாலோ, மார்ச்சில் வெளிக்குழாய் உறைந்து அடைத்துக்கொண்டாலோ மின்சாரம் இருக்கும், தண்ணீரும் ஏறும். ஆகவே நீர்மட்ட மிதவையும் வேண்டும். அதை 30இல் பத்து நொடித் தாமதத்தோடு கட்டினோம். பழைய மிதவையை 8இலேயே விட்டுவிட்டோம். அது இப்போது இரண்டாவது அலாரம். இரண்டின் ஒலியும் வேறுவேறு. பெட்டிகள் இரண்டும் சமையலறையில், மாமியின் கண்ணுக்கு நேரே இருக்கின்றன. ஒன்றின் மேல் “கீழே தண்ணீர் ஏறுகிறது, மகனைக் கூப்பிடு” என்றும், மற்றதன் மேல் “கீழே இறங்காதே” என்றும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. வாசகங்கள் மாமி சொன்னவை.

துணைப் பம்ப் ஒன்றும் வந்திருக்கிறது. 12 வோல்ட், 75 ஆம்பியர்-மணி பற்றரியில் ஓடுவது. ஓடும்போது 15 ஆம்பியர் இழுத்தால் காகிதக் கணக்கில் ஐந்து மணிநேரம். ஈய அமிலப் பற்றரியை அடிவரை வடிக்கக் கூடாது என்பதால் அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். பம்ப் விட்டுவிட்டு ஓடுவதால் அந்தப் பாதியே நெடுநேரம் வரும். குழாய்நீரின் அழுத்தத்தில் ஓடும் துணைப் பம்பையும் யோசித்தோம். அதற்குப் பற்றரியே வேண்டாம். ஆனால் குழித் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பாதபடி தடுப்புக்கருவி பொருத்தி, அதை முறையாகச் சோதித்துவர வேண்டும். அந்தப் பொறுப்பை அத்தான் ஏற்க விரும்பவில்லை.

எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவில் அதிகம் மாற்றியது கூரைத் தண்ணீர். பின்பக்கத் தாழ்வாரக் குழாய் அத்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. 50 சதுர மீற்றர் கூரையில் 98 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 4,900 லீற்றர். அவ்வளவும் சுவரோரம் இறங்கி, டைலில் புகுந்து, குழிக்கு வந்திருக்கும். குழாயை நீட்டி, சுவரிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி, சரிவுள்ள புல்வெளியில் விட்டோம். அதன் பிறகு வந்த மழையில் அதே இரண்டு கோடுகளுக்கு நடுவே அளந்தபோது உள்வரத்து பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பாதி உள்வரத்து என்றால் சரளை நிரம்ப இருமடங்கு நேரம்.

காப்புறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்ப் குழி நிரம்பி வழிவதால் வரும் சேதம் சாதாரண வீட்டுக் காப்புறுதியில் பெரும்பாலும் சேராது. கழிவுநீர் மீள்வரத்துக்கென்று தனியாகச் சேர்க்கும் பிரிவில்தான் வரும். அக்கா வீட்டில் அந்தப் பிரிவு இருந்தது, ஆனால் உச்சவரம்பு குறைவு. பத்திரத்தை எடுத்து அந்த ஒரு வரியையாவது படித்துப் பாருங்கள்.

சோதனை முறை எளிது. ஒவ்வொரு மிதவையையும் கையால் தூக்கி ஒலிக்கிறதா என்று பார்ப்பது. பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றி, பம்ப் ஓடுகிறதா, வெளிக்குழாயில் தண்ணீர் விழுகிறதா என்று பார்ப்பது. மண்ணில் இரும்பு இருந்தால் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான படிவு ஒன்று மிதவையில் ஏறி அதைக் கனமாக்கிவிடும். அதைத் துடைத்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறார்கள். 9 வோல்ட் பற்றரிகளைப் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகார நேரத்தை மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில், புகை அலாரங்களின் பற்றரிகளோடு சேர்த்து மாற்றுகிறார்கள். தூக்கிப் பார்க்கும் வேலை அத்தானுடையது. எந்தப் பெட்டி ஒலித்தது என்று சமையலறையிலிருந்து சொல்வது மாமியின் வேலை.